அழைப்பவர் பெயர் தண்டபாணி

நான், தண்டபாணியின் மகன் கஜேந்திரன், வயது ஐம்பது, காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கண்காணிப்பாளர், இதை என் மகன் அருணுக்கு எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான். உன் திருமண அழைப்பிதழிலிருந்து உன் தாத்தாவின் பெயரை எடுத்துவிடச் சொல்லி நீ கேட்டிருக்கிறாய். எடுக்க மாட்டேன். தொலைபேசியில் இதைச் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதினால் நான் நினைத்ததை நினைத்த வரிசையில் சொல்ல முடியும். இன்றிரவே உன் போனுக்கு அனுப்புகிறேன், நீதான் முதலில் படிக்கிறாய். நாளை நான் செய்யப்போகும் காரியத்தைச் செய்து முடித்த பிறகு, ஒரு சொல்லும் குறைக்காமல் இதே கடிதத்தை நம் உறவினர் எல்லோருக்கும் அனுப்புவேன். மூன்று வருடமாக இந்த வீட்டில் மூடி வைத்ததெல்லாம் போதும்.

நடந்ததை முதலில் பதிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரி வந்தது. நம் வழக்கப்படி வீட்டுக்குப் பெரியவர்தான் அழைப்பவர். ஆகவே முதல் வரியில் தண்டபாணி என்ற பெயர், அடுத்து ‘என் மகன்வழிப் பேரன்’ என்று உன் பெயர். உனக்கு அனுப்பினேன். தாத்தாவின் பெயரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாய். பிறகு பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். “தாத்தாவ ஒரு வாரம் ஐயம்பேட்டைல அத்தை வீட்ல உட்டுடலாம்பா. கேட்டா ஃபீவர்னு சொல்லிக்கலாம். பேரு போட்டா எங்கன்னு கேப்பாங்க, அதனால பேரு வேணாம்” என்றாய். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய்: “அவருக்கே தெரியாதுப்பா. அடுத்த நாள் மறந்துடுவாரு.” இந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனியாகப் பதில் வைத்திருக்கிறேன். வரும் இடத்தில் வரும்.

உன் தாத்தா முப்பத்தொரு வருடம் இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். நகராட்சியில் அந்த வேலைக்கு என்ன பெயர் இருந்தாலும் தெருவில் அவருக்குப் பெயர் தண்ணிக்காரர். விடியற்காலை நான்கு மணிக்கு நீண்ட இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்று, எது இறுகும், எது கசியும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு அந்தத் தலை சொன்னதையே சொல்ல ஆரம்பித்தது. காபி குடித்துவிட்டுக் காபி கேட்டார். உன் அத்தையின் பெயரைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல், “அதான்பா, ஐயம்பேட்டைக்காரி” என்று சமாளித்தார். ஒருநாள் அவராகவே என்னிடம் வந்து, “எனக்கு என்னமோ மறந்து போவுதுடா, டாக்டருகிட்ட இட்டுக்கினு போறியா” என்று கேட்டார். நான் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல், “வயசானா அப்படித்தான் நைனா” என்றேன். என் முதல் தவறு அது. மறதி தனக்கு வந்திருக்கிறது என்று ஒரு மனிதர் தானே உணர்ந்து, தானே வாய்விட்டுக் கேட்ட நாளில் அவரை அழைத்துப்போயிருக்க வேண்டும். எல்லா மறதியும் வயதுதான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

இரண்டாவது தவறு என் தொழிலிலிருந்து வந்தது. ஓய்வூதியம் வாங்குபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு முன் வந்து, தாங்கள் உயிருடன் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் பார்த்த வேலை என்று கேட்பேன். கூட வந்த பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் கையை உயர்த்தித் தடுப்பேன். சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பது நான் ஒருநாளும் தளர்த்தாத விதி. அந்த மேசையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் காலையில் தாத்தாவிடம் ஐந்து கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தால் ஞாபகம் பலப்படும் என்பது என் எண்ணம். “இன்னிக்கு என்னா கெழமை நைனா?” “நீ ஆபீசுக்குப் போற கெழமை.” பூஜ்யம் போட்டேன். “நம்ம முதலமைச்சர் யாரு?” “எவன் வந்தா என்னாடா, கொழாய்ல தண்ணி நான்தான உடணும்?” அதற்கும் பூஜ்யம். இன்று திருத்தினால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் போடுவேன். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள்: “தெனம் இப்படிக் குறுக்கு விசாரணை பண்ணா எனக்கே என் பேரு மறந்துபூடும்.” நான் கேட்கவில்லை. நாலு மாதத்தில் தாத்தா என் செருப்புச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். நோட்டில் அந்த நாட்களுக்கு நேரே ‘பதில் இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதைச் சொல்வதற்கு எனக்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சட்டப்படி நடப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். தாத்தா விடியற்காலையில் எழுந்து தண்ணீர் திறக்கப் போக வேண்டும் என்று கதவைத் தட்டினார். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. தெரிந்த மருந்துக்கடையில், மருத்துவரின் சீட்டு இல்லாமல், தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஒரு வருடத்துக்கு மேல் போனது. அவர் பகலிலும் தள்ளாடினார், பேச்சுக் குழறியது, சோற்றைப் பிசைந்தபடியே கண் செருகியது. மறதி முற்றிவிட்டது என்று உறவினர்களிடம் சொன்னேன். முற்ற வைத்ததில் பாதி நான்.

நாலாவது, பூட்டு. அவர் இரண்டு முறை வழி தவறி, ஒருமுறை ஓரிக்கை வரை நடந்துபோய்ப் பாலாற்றங்கரையில் நின்றார். அதன் பிறகு நானும் உன் அம்மாவும் வேலைக்குப் போகும்போது வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். தெருவில் கேட்டவர்களுக்கு, “தங்கச்சி வீட்ல இருக்காரு” என்றேன். நீ இப்போது சொல்லச் சொல்லும் அதே பொய்யை உனக்கு முன்பே நான் சொல்லியிருக்கிறேன், அருண். அந்த யோசனைக்கு நீ காப்புரிமை கேட்க முடியாது. ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினேன். தாத்தா கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியே அவருடைய வயதுக்காரர் ஒருவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, “என்னாய்யா தண்ணிக்காரரே, பொண்ணு வூட்ல இருக்கறதா சொன்னாங்க, இங்க நிக்கிற?” என்று கேட்கிறார். தாத்தா சிரித்துக்கொண்டே, “எம்புள்ள ஆபீசராச்சே, இந்தக் கேட்டுக்கு என்னிய டூட்டி போட்டுட்டான்” என்றார். சைக்கிள்காரர் என்னைப் பார்த்தார். மிதித்துக்கொண்டு போய்விட்டார். நான் பூட்டைத் திறந்தபோது தாத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “எனக்கு மறந்து போவுதுதான். ஒத்துக்கறேன். அதுக்கு நான் என்னாடா திருடுனேன்?” என்று கேட்டார்.

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை; நேராகத் தாத்தாவைப் பார்த்து, “சொல்லுங்கய்யா, உங்களுக்கு என்ன தொந்தரவு?” என்றார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி, “அவர் சொல்லட்டும்” என்றார். என் மேசைக்குப் பின்னாலிருந்து ஆயிரம் முறை நான் உயர்த்திய கை. தாத்தா சொன்னார்: “பேசிக்கினே இருக்கறேம்மா, திடீர்னு எதுக்குப் பேச ஆரம்பிச்சேன்னே தெரியல. தெருவுல நடந்துக்கினே இருக்கறேன், எந்தத் தெருன்னு தெரியல. பயமா இருக்குது. வெளில சொன்னா கேள்வி கேப்பானுங்கன்னு சொல்றதில்ல.” மறதி தொடங்கியதிலிருந்து அவருக்கு என்ன நேர்கிறது என்று அவரிடமே கேட்ட முதல் ஆள் அந்த மருத்துவர்.

ரத்தப் பரிசோதனை, கண், காது, தலைக்குள் ஒரு படம் என்று எல்லாம் பார்த்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். பி-12 என்னும் சத்து மிகவும் குறைந்திருந்தது. சர்க்கரைக்காக அவர் பல வருடமாகச் சாப்பிடும் மாத்திரை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லி ஊசி போட்டார். கண்ணில் புரை முற்றியிருந்தது, அதை எடுத்தோம். மூன்று மாதத்தில் தள்ளாட்டம் நின்றது, பேச்சுத் தெளிந்தது, பழைய கிண்டல் திரும்பியது. ஆனால் எல்லாம் திரும்பவில்லை. மீதி இருப்பது மறதி நோயின் தொடக்க நிலை என்றும், அது மெல்லக் கூடும் என்றும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். தாத்தாவின் முன்னால்தான் சொன்னார். சரிசெய்யக்கூடியதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது ஒரு வேலை. சரிசெய்ய முடியாததோடு தலைநிமிர்ந்து வாழ்வது இன்னொரு வேலை. முதல் வேலையை நான் இரண்டு வருடம் தாமதமாகச் செய்தேன். இரண்டாவதையும் தாமதிக்கச் சொல்லி நீ கேட்கிறாய். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “பரீட்சை வைக்கிறது என் வேலை சார். நீங்க கூட நடங்க.” அதிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவரோடு நடக்கிறேன். கேள்வி கேட்பதில்லை.

இனி உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். உன் கோபம் அங்கேதான் தொடங்கியது. சின்னக் காஞ்சிபுரத்து மண்டபத்தில் முதல் பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவப் போனபோது குழாயில் தண்ணீர் நின்றுபோனது. “தண்ணி வரல, தண்ணி வரல” என்று சமையற்கட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். தாத்தாவின் காதில் அது விழுந்திருக்கிறது. அதன் பிறகு நாற்காலியில் ஆள் இல்லை. நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் ஓடித் தேடினோம். மனிதர் சமையல்காரரின் நீளக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் வால்வுக் குழியின் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே கையை விட்டுச் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார். அன்று அந்தத் தெருவின் முறையே இல்லை. உடைந்திருந்த ஓர் இணைப்பிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. நிறுத்தியிருந்த வண்டிகள் நனைந்தன. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தாத்தா முழங்கால் வரை சேற்றோடு, கையில் கரண்டியோடு, மேடைக்கே ஏறிவந்து உன் வருங்கால மாமனாரிடம், “தண்ணி உட்டுட்டேன் சார். ஒரு மணி நேரம்தான் வரும். வூட்ல சொல்லிப் புடிச்சி வச்சிக்கங்க” என்றார். மண்டபமே சிரித்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். குனிந்ததால் ஒன்றைக் கவனிக்கத் தவறினாய். உன் நிவேதா அவரைப் பார்த்து, “மாடிக்கு ஏறுமா தாத்தா?” என்று கேட்டாள். “நான் உட்டா மோட்டாரே வேணாம்மா” என்றார் அவர். அந்தப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. பந்தி முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, “பெரியவருக்கு எப்பவுமே இப்படித்தானா சார்?” என்று கேட்டார். பெண்ணைக் கொடுக்கப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் “வயசு சார், அவ்ளோதான்” என்றேன். மருத்துவரின் அறிக்கை என் பையிலேயே இருக்க, அப்படிச் சொன்னேன். என் ஐந்தாவது தவறு அது, கடைசியும் அதுதான்.

உன் பயம் எனக்குத் தெரியும். கரண்டியும் சேறும் இரண்டு நாளில் மறந்துபோகும் சங்கதி. இது பரம்பரை வியாதி, தாத்தாவுக்கு, பிறகு அப்பாவுக்கு, பிறகு மாப்பிள்ளைக்கு என்று பெண் வீட்டார் கணக்குப் போடுவார்கள் என்பதுதான் உன் பயம். அதையும் மருத்துவரிடம் கேட்டேன். இந்த வயதில் வரும் மறதி அப்பனுக்கு வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வரும் வாய்ப்புச் சற்றுக் கூடலாம். ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைப்பது, காது கேட்காவிட்டால் கருவி மாட்டுவது, நடப்பது, தூங்குவது, மனிதர்களோடு பேசிப் பழகுவது, இவையெல்லாம் நம் பக்கம் நிற்கும் என்றார். கவனித்துப் பார், தாத்தாவை நாம் ஐயம்பேட்டையில் ஒளித்தால் இந்தப் பட்டியலின் கடைசியில் உள்ளதை அவரிடமிருந்து நாமே பறிக்கிறோம். சம்பந்தி வீட்டாருக்கு யோசிக்க வேண்டுமென்றால், உண்மையைத் தெரிந்துகொண்டு யோசிக்கட்டும். தெரியாமல் கொடுத்த சம்மதத்தை என் அலுவலகத்தில் நான் செல்லும் என்று ஏற்க மாட்டேன். வீட்டில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

இப்போது உன் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். அவருக்கே தெரியாது, அடுத்த நாள் மறந்துவிடுவார் என்றாய். பூட்டி வைத்ததை அவர் மறந்துவிட்டார், உண்மைதான். ஒரு வாரத்துக்குப் பிறகு பேச்சுவாக்கில் நானே எடுத்துச் சொன்னபோதும், “எந்தப் பூட்டு?” என்றுதான் கேட்டார். ஆனால் அதன் பிறகு பல மாதங்கள், நான் சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நடந்தது போய்விட்டது, பட்ட அவமானம் போகவில்லை. நான் இப்போது சாவியைக் கைக்குட்டையில் சுற்றி வைக்கிறேன், சத்தம் வராமலிருக்க. பேரனின் கல்யாணத்துக்குத் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கியதையும் அவர் மறந்துபோவார். அதன் பிறகு எந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்து உள்ளே போவார் என்று உன்னால் சொல்ல முடியுமா?

உன் மனதை மாற்ற ஒரு நல்ல கதை கிடைத்திருக்க வேண்டும், கிட்டத்தட்டக் கிடைத்தது. முந்தாநாள், இப்போது நம் பகுதிக்குத் தண்ணீர் விடும் ஊழியர் வீட்டுக்கு வந்தார். சிமெண்டுச் சாலை போட்டபோது பழைய வால்வு ஒன்று அடியில் மூடிப்போய்விட்டது, இடம் தெரியவில்லை. “உங்களுக்குத் தெரியாததா தாத்தா, வந்து கையக் காட்டுங்க போதும்” என்றார். தாத்தா சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். மின்கம்பத்திலிருந்து பதினாறு அடி எண்ணி நடந்து, குதிகாலால் தட்டிக் காட்டினார். சாலையை உடைத்தார்கள். இரண்டடி தோண்டினார்கள். மண்தான் இருந்தது. பக்கத்தில் தோண்டினார்கள், அங்கும் மண். “என்னா தாத்தா, நல்ல ரோட்ட ஒடைக்க வச்சிட்டியே” என்று அந்த ஊழியர் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். தாத்தா அசரவில்லை. “நான் வச்ச எடத்துல இல்லன்னா எவனோ எடுத்துக்கினு போயிட்டான். கம்ப்ளெய்ன்ட் குடுய்யா” என்றார். கடைசியில் எதிர்வரிசையில், வேறு கம்பத்துக்குப் பக்கத்தில் வால்வு கிடைத்தது. அங்கே நின்றபோது எனக்கு ஏமாற்றமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அவர் சரியாகக் காட்டியிருந்தால், பார்த்தாயா, இன்னும் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார் என்று உனக்கு எழுதி வழக்கை வென்றிருப்பேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: நான் மறுபடியும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் காட்டியது தவறான இடம். நாளை இன்னும் அதிகமாகத் தவறும். அதற்காக அவர் உன் தாத்தா என்பது ஓர் அடிகூட நகராது. பயன்படுகிறார் என்பதற்காக அந்தப் பெயர் அழைப்பிதழின் முதல் வரியில் வரவில்லை. பயன்படவில்லை என்பதற்காக எடுக்கவும் முடியாது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருநாள் அலுவலகத்து அலமாரியைத் திறந்துவிட்டு, எதை எடுக்க வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். அரை நிமிடம் இருக்கும். களைப்பாக இருக்கலாம், கவலையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். தீர்ப்பு நான் சொல்லப்போவதில்லை. அதே மருத்துவரிடம் எனக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் சொல்வது எதுவானாலும் உனக்குத் தெரிவிப்பேன். என்றாவது எனக்கும் வந்தால், நீ என்னை எப்படி நடத்த வேண்டும் என்பதை அறிவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். காலையில் கிழமை கேட்காதே. மருத்துவரின் முன் எனக்காகப் பதில் சொல்லாதே. வெளியே போனால் கூட ஆள் அனுப்பு, பூட்டாதே. நான் சொன்னதையே சொன்னால் முதல்முறை கேட்பதுபோல நடிக்க வேண்டியதில்லை. பதில் சொன்னால் போதும். உன் பிள்ளையின் கல்யாணத்தில் என் பெயரை எங்கே போடுவாய் என்பதை, இந்தக் கல்யாணத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

என் விதிப்படி, சம்பந்தப்பட்டவரிடமே கேட்க வேண்டும் அல்லவா? நேற்றுக் காலை நடந்துவிட்டு வந்ததும் கேட்டேன். “அருண் கல்யாணத்துக்கு வர்றீங்களா நைனா?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பத்திரிகை குடுத்தா வருவேன்.” “உங்களுக்கு மறந்து போவுதுங்கறத பொண்ணு வீட்ல சொல்லலாமா?” “சொல்லு. எனக்கு ஞாபகம் இருந்தா நானே சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டு, தன் கிண்டலுக்குத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “பத்திரிகைல எம் பேரு போட்டிருக்குதா?” என்றார். உன் சிவப்பு வட்டம் என் சட்டைப் பையில் இருந்த போனில் இருந்தது. உன் அம்மா காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, “மொத பேரே உங்குளுதுதான் மாமா” என்றாள். அவள் சொன்ன பிறகு அது பொய்யாகப் போகக் கூடாது.

கல்யாண மண்டபத்துக்கான ஏற்பாடுகளையும் தீர்மானித்துவிட்டேன். மேடைக்கு வலப்பக்கம் அவருக்குக் கைவைத்த நாற்காலி. உன் அத்தையும் அவள் கணவரும் மாற்றி மாற்றிப் பக்கத்தில் இருப்பார்கள். கல்யாணம் நடக்கும் நேரம் முழுவதும் அவர் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, படுத்து எழ ஓர் அறை இருக்கும். சட்டைப் பையில் என் தொலைபேசி எண். கையில் கரண்டி கிடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. வாசலில் நானே நின்று வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். உறவினர்களே, இதைப் படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெரியவரின் முன்னால் போய்க் குனிந்து, “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எல்லோரும் ஆசையாகக் கேட்கும் அந்தக் கேள்வி அவருக்கு என்னுடைய நோட்டுப் புத்தகம் மாதிரி. உங்கள் பெயரையும் இன்னார் மகன், இன்னார் மகள் என்பதையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கிண்டல் செய்வதற்கு அவருக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே, அருண், நான் செய்யப்போவது இது. நாளை காலை ஒன்பதரை மணிக்கு அச்சகம் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன், தாத்தாவோடு. முதல் வரியில் தண்டபாணி என்ற பெயரை இருந்த அளவிலேயே வைத்து அச்சடிக்க ஒப்புதல் கையெழுத்துப் போடுவேன். மாதிரிப் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுப்பேன். பத்திரிகை கொடுத்தால் வருவேன் என்று சொன்னவர் அவர். அங்கிருந்து இருவரும் சம்பந்தி வீட்டுக்குப் போவோம். வயது, அவ்வளவுதான் என்று நான் சொன்னது பொய் என்பதையும், உண்மை என்ன என்பதையும், மருத்துவரின் அறிக்கையோடு, தாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வேன். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன்; தாத்தாவிடம் கேட்பதற்குத் தாத்தா சொல்வார். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும், கெஞ்ச மாட்டேன். நீ காலைப் பேருந்தைப் பிடித்தால் சம்பந்தி வீட்டு வாசலில் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். வராவிட்டாலும் நாங்கள் உள்ளே போவோம். அவர் பெயர் இல்லாத அழைப்பிதழ்தான் உனக்கு வேண்டுமென்றால் தனியாக அடித்துக்கொள், ஆனால் அதில் என் பெயரும் இருக்காது. முகூர்த்தத்தன்று அந்த நாற்காலியில் அவர் இருப்பார். தாலி கட்டும் நேரத்தில்கூட என் பக்கம் திரும்பி, “யாருக்குடா கல்யாணம்?” என்று கேட்பார். எத்தனை முறை கேட்டாலும், மேளச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, உன் பெயரைச் சொல்வேன்.